ஆறு மணி மாத்திரையும் நாலு செங்கல்லும்: எதுக்களிப்பு நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதம், இரவு பதினொன்றேகால் மணி. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவை வேனில் கூட்டி வந்தார்கள். வயது 58. தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. வலது உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் அழுத்திப் பிடித்தபடியே இறங்கினார். "கேஸ் ஏறிக்கிச்சுங்க சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார் கணவர். வரும் வழியில் கோலி சோடா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்பம் வந்திருக்கிறது, எரிச்சல் போகவில்லை.

(அடையாளம் தெரியாமலிருக்க ஊர், நாள், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம்.)

ரத்த அழுத்தம் 150/90, நாடி 96, விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 212, ஆக்சிஜன் 98. வியர்வை இல்லை. வலி தொண்டை வரை ஏறுகிறது என்றார், கைக்குப் பரவவில்லை என்றார். இப்படிக் கேட்டதும் "இது கேஸ்தான்" என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒரு பெண்ணுக்கு மாரடைப்பு பாடப்புத்தகத்தில் படித்தபடி வர வேண்டிய அவசியமில்லை. நெஞ்சு கரிக்கிறது, வயிறு உப்புகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு ஈசிஜியில் வேறு கதை தெரிந்திருக்கிறது. அதனால் எங்கள் கேஷுவாலிட்டியில் ஒரு பழக்கம்: நெஞ்சு என்ற சொல் காதில் விழுந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி, பேச்செல்லாம் அப்புறம். எடுத்தோம், மாற்றம் எதுவும் இல்லை. அரை மணி கழித்து இன்னொன்று எடுத்தோம். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் டிரோபோனினை முதலில் ஒரு முறை பார்த்தோம், சில மணி நேரம் கழித்து மறுமுறை, இரண்டும் இயல்பு.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன். ஜெலுசில் ஊற்றியதும் வலி குறைந்தது, ஆகவே இதயம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மாரடைப்பு வலியும் சில நேரம் தானாகத் தணிந்து திரும்ப வரும். மருந்து கொடுத்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

டூட்டி டாக்டர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் ஊசி எழுதி வார்டில் சேர்த்தார். கேஸ் ஷீட்டில் முதல் வரி: "இரண்டு நாளாக நெஞ்செரிச்சல்." அந்த வரியை எழுதியது நான்தான். அது எவ்வளவு தவறு என்று மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

எதுக்களிப்பு என்ற சொல்

அசிடிட்டி, கேஸ், அல்சர் என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஊரே பேசுகிறது. பால் குடித்த பிள்ளை கக்கினால் "எதுக்களிக்குது" என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்களே, இந்த நோய்க்கு அதுதான் பொருந்துகிற சொல். அமிலம் சுரப்பது நோயில்லை. இரைப்பையில் அமிலம் இருந்தே ஆக வேண்டும், அதன் பி.எச். ஒன்றரை, இரண்டு என்ற அளவில் கடுமையாகத்தான் இருக்கும். இரைப்பையின் உட்சுவர் அதைத் தாங்குகிற மாதிரி அமைந்திருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் வாய்க்கட்டு மாதிரி ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் வெளியிலிருந்து அதை இறுக்கிப் பிடிக்கிறது. இந்தக் கட்டு வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ, வயிற்றுக்குள் அழுத்தம் கூடினாலோ, கீழே இருக்க வேண்டியது மேலே வரும்.

ஆக, அமிலம் எவ்வளவு என்பதை விட எங்கே, எப்போது, எந்த நிலையில் என்பதுதான் முக்கியம். எங்கே, எப்போது, எந்த நிலையில் என்றால் அது கட்டிலும் கடிகாரமும். வார்டில் அவை இரண்டும் யார் கையில் இருக்கின்றன? டாக்டர் கையில் இல்லை.

மத்தியானப் பேச்சு

விசிட்டர்ஸ் நேரம் முடிந்து வார்டு அடங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் பேசியிருப்போம். நெஞ்செரிச்சல் இரண்டு நாளில்லை, ஆறு மாதம். இரண்டு நாளாகத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இதற்கு நடுவில் ராத்திரி இருமலுக்கு மூன்று தடவை டானிக் குடித்திருக்கிறார். காலையில் குரல் கரகரவென்று இருக்கும். படுத்தால் தொண்டையில் புளிப்புத் தண்ணீர் வருமாம், அதற்காகவே பாதி ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வாராம்.

"என்னம்மா சாப்பிடுவீங்க ராத்திரி?" என்றேன்.

"களிதான் கண்ணு. வேற என்ன?"

காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் குனிந்தால் பதினோரு மணிக்குத்தான் நிமிர்வது. திரும்பி வந்து மாடு, தண்ணீர், சமையல். ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாருக்கும் போட்டு முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் களியைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டு, அப்படியே பாயில் சாய்வார். படுக்கப் போகும்போது மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீரில். அது டைக்ளோஃபெனாக். மெடிக்கலில் சொல்லி வாங்கியது, சீட்டு எதுவும் கிடையாது. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரு வேளை. இந்த இரண்டும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

மூட்டு வலியை இந்த மாவட்டத்தில் லேசாகக் கடந்துபோக முடியாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள மண் இது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். இந்த அம்மாவின் முட்டி வலிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயதுத் தேய்மானமாகவும் இருக்கலாம். நான் சொல்ல வருவது இதுதான்: இங்கே வீட்டுக்கு ஒருவருக்கு மூட்டு வலி இருக்கும், அவர் முந்தானையில் வலி மாத்திரை இருக்கும். அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், அதனால் வயிறு என்று வருகிறவரிடம் முட்டியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

இனி முக்கியமான வாக்கியம். பேச்சு முடிந்து நான் எழுந்துகொள்ளும்போது அவர் பாட்டுக்குச் சொன்னது: "ரெண்டு மாசமா களி நெஞ்சுல நின்னு நின்னு இறங்குது. தண்ணி குடிச்சாத்தான் போவுது."

எனக்குச் சுருக்கென்றது. களியை இந்தப் பக்கம் யாரும் மெல்லுவதில்லை. விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வழுக்கிக்கொண்டு போகும்படி விழுங்குவார்கள். ஐம்பது வருடமாக விழுங்கிப் பழகிய தொண்டை. அதில் களி நிற்கிறது என்றால், பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேவுக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தப் பேச்சுக்கும் கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமம், விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் வேலை கிடையாது. இவருக்கு ஹீமோகுளோபின் 9.8, ரத்தசோகைதான். அதோடு புகையிலை வேறு. ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்காமல் போனிலேயே டாக்டரிடம் சொன்னேன். எண்டோஸ்கோபிக்கு எழுதினார்.

மூன்றாம் நாள்

எண்டோஸ்கோபி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் அனுப்பினோம், அன்று காலை மெட்ஃபார்மினை டாக்டரிடம் கேட்டு நிறுத்தினோம், திரும்பி வந்ததும் தொண்டை மரப்பு தெளியும் வரை வாயில் எதுவும் தரவில்லை. சொந்தக்காரப் பெண் காப்பியோடு தயாராக நின்றிருந்தார். அவரைத் தடுத்து நிறுத்தியதுதான் அன்றைய பெரிய வேலை. முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், புரையேறவில்லை என்று பார்த்த பிறகு மற்றது.

முடிவு: சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல் ஓரம் உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புண், லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டில் பி நிலை. ஐந்து மில்லிமீட்டரை விட நீளமான கீறல்கள், ஆனால் ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்குப் படரவில்லை. கட்டி இல்லை. பயாப்ஸி எடுத்தார்கள். அதிலும் பயப்பட எதுவும் இல்லை என்று பிறகு வந்தது.

சரி, நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் போகிறது. ஆனால் அம்மாவுக்கு எரிச்சல் குறையவில்லை. அன்று ராத்திரி எனக்கு டூட்டி. ஒன்றரை மணிக்குப் பார்த்தால் கட்டில் காலி. வராந்தாப் படிக்கட்டில் தலையை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நைட் ரிப்போர்ட்டில் "நோயாளி நன்றாகத் தூங்கினார்" என்று இருந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், நாற்பது பேருக்கு ஒருவர் பார்க்கும்போது விளக்கணைந்த கட்டில் எல்லாமே தூங்குகிற மாதிரிதான் இருக்கும்.

கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே ஊசி நின்று பான்டோப்ரசோல் மாத்திரைக்கு மாறியிருந்தது. "காலை, உணவுக்கு முன்" என்று டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார். எதிரே கையெழுத்தும் இருக்கிறது. நேரம்: 8.40. வார்டில் எட்டு மணிக்கு டூட்டி மாறும், எட்டரைக்கு மேல்தான் மருந்து வண்டி கிளம்பும். இவருக்கு ஏழே காலுக்கே வெளிக்கடையிலிருந்து இட்லி வந்துவிடும். இரண்டாம் நாள் 8.40க்கு இருந்த கையெழுத்து என்னுடையது. எண்டோஸ்கோபி நாளில் எல்லாமே தள்ளிப்போய், இட்லியும் மாத்திரையும் ஒன்றாகவே போயிருக்கின்றன.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். நிறையவே கெட்டுப்போகும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் ஜெலுசில் மாதிரி இருக்கிற அமிலத்தைப் போய் நடுநிலையாக்குவதில்லை. அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்புகளையே பிடித்து அடைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்க முடியும், தூங்குகிற பம்பைப் பிடிக்காது. பம்புகள் பெருவாரியாக விழித்துக்கொள்வது சாப்பாடு இறங்கும்போது. மருந்து ரத்தத்தில் நிற்பதோ சில மணி நேரம்தான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போய் அது காத்துக்கொண்டிருக்க வேண்டும். விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு பரிமாற வந்து பயனில்லை. ஆறு மணிக்குப் போட்டுவிட்டு ஒன்பது மணி வரை பட்டினி கிடந்தாலும் இதே கதைதான். இன்னொன்று, மாத்திரை முழு பலத்துக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். ஆகவே எரிச்சல் குறையாததற்கு எங்கள் 8.40 மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். அது பாதிக் காரணம்.

மறுநாள் வார்டு இன்சார்ஜ் அக்காவிடம் சொன்னேன். ஆறு மணிக்குக் கொடுப்பதென்றால் நைட் ஸ்டாஃப் தலையில் இன்னொரு வேலை. முணுமுணுப்பு வரும், வந்தது. ஆனால் ஆறு மணிக்கு அவர்கள் எப்படியும் சர்க்கரை குத்திப் பார்க்கவும் தைராய்டு மாத்திரை கொடுக்கவும் ஒரு சுற்று வருகிறார்கள். அந்தத் தட்டிலேயே இன்னொரு டப்பா வைத்தோம். மேலே பிளாஸ்டர் ஒட்டி "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதினோம். மாத்திரையை முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்று அதன் கீழேயே எழுதினோம். மேலே இருக்கும் பூச்சு போய்விட்டால் இரைப்பை அமிலமே மருந்தைத் தின்றுவிடும். மூக்கு வழிக் குழாய் உள்ளவர்களுக்கு இடித்துக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அவர்களுக்கு வேறு வடிவத்தில் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்பதே சரி.

செங்கல்

தலைப்பக்கம் தூக்கிப் படுக்க வேண்டும் என்று எல்லாக் குறிப்பேட்டிலும் இருக்கிறது. எங்கள் வார்டில் சக்கரம் சுற்றி முதுகைத் தூக்கும் கட்டில் சில உண்டு, அதில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா சரிந்து சரிந்து நடுவில் மடங்கிக் கிடந்தார். இடுப்பில் மடங்கினால் வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். மூன்று தலையணை அடுக்குவதிலும் இதே கோளாறு. தூக்க வேண்டியது கழுத்தையோ முதுகையோ மட்டும் இல்லை, கட்டிலின் தலைப்பக்கம் முழுவதையும், ஆறிலிருந்து எட்டு அங்குலம் வரை.

பின்பக்கம் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வார்டு ஆயாம்மா நாலு செங்கல் கொண்டு வந்தார். ஒரு செங்கல் மூன்று அங்குலம். தலைமாட்டில் ஒரு காலுக்கு இரண்டு, ஆறு அங்குலம் ஆயிற்று. வழுக்காமலிருக்கப் பழைய ரப்பர் ஷீட்டைத் துண்டு போட்டு நடுவில் வைத்தோம். சக்கரமில்லாத சாதா இரும்புக் கட்டில்தான் இதற்குத் தோது. கட்டில் ஆடுகிறதா என்று ஒவ்வொரு டூட்டியிலும் பார்ப்பதாக எழுதி வைத்தோம், ராத்திரி பாத்ரூம் போக எழுகிறவர் விழுந்துவிடக் கூடாதே. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி முதுகுக்கு ஒரு சுருட்டிய போர்வை அண்டக் கொடுத்தோம். இடதுபுறம் படுத்தால் இரைப்பையின் பை போன்ற பகுதி கீழே தொங்கும், வாய்க்கட்டு அமிலத்துக்கு மேலே நிற்கும். வலதுபுறம் படுத்தால் நேர்மாறு.

நான்காம் நாள் ராத்திரி இரண்டு தடவை எழுந்தார். ஐந்தாம் நாள் எழவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன், உண்மையாகவே தூக்கம்.

அம்லோடிபின் விஷயம். அந்த வகை மருந்து சுருக்குத்தசையையும் கொஞ்சம் தளர்த்தும். நான் நிறுத்தவில்லை, நிறுத்த எனக்கு அதிகாரமும் இல்லை. மருந்துப் பட்டியலை ஒரே தாளில் எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் டெல்மிசார்டனுக்கு மாற்றினார். டைக்ளோஃபெனாக்கை நிறுத்திப் பாராசிட்டமால், மேலே தடவ மருந்து, பிசியோதெரபி. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எழுதியபோது ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: உட்கார்ந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது. இரும்பு மாத்திரை நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். அமிலம் குறைந்தால் இரும்பு உடலில் சேர்வதும் குறையும், அதனால் ஹீமோகுளோபினைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. மாற்றிய மருந்தின் விவரத்தை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினோம், வீட்டுக்கு வரும் பட்டியலும் மாற வேண்டுமே.

களியும் பாயும்

டிஸ்சார்ஜ் நாளில் ஒரு இளம் டாக்டர், "களியெல்லாம் விட்டுடுங்கம்மா, லைட்டா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான் ஆட்டுவார். கேழ்வரகை விடச் சொல்ல இது என்ன ஊர்? 2023இல் ரேஷனில் கேழ்வரகு கொடுத்துப் பார்க்க நீலகிரியோடு சேர்த்து எடுத்ததே தர்மபுரியைத்தான். சர்க்கரை உள்ளவருக்குக் களிக்குப் பதில் ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு என்று ஆகிவிட்டால் அது இன்னொரு வம்பு.

தப்பு களியில் இல்லை, ஒன்பதரை மணியில் இருந்தது. உருண்டையின் அளவிலும் இருந்தது. களியை மத்தியானத்துக்கு மாற்றலாம், ராத்திரி ஏழு, ஏழரைக்குள் கொஞ்சமாகச் சாப்பிடலாம், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும் என்று பேசினோம். "எல்லாருக்கும் போடாம நான் முன்னாடி எப்படி சாப்புடறது?" என்று கேட்டார். நர்சிங் புத்தகத்தில் இதற்கு "அறிவுக் குறைபாடு" என்று ஒரு நோயறிதல் உண்டு. அவருக்கு அறிவு குறையவில்லை, வீட்டில் முதலில் சாப்பிடும் உரிமைதான் குறைவு. அவரை விட்டுவிட்டுக் கணவரையும் மருமகளையும் கூப்பிட்டுப் பேசினேன். மருமகள்தான் சட்டென்று சொன்னாள்: "ஏழு மணிக்கு நான் போட்டுக் குடுத்துடறேங்க. அத்தை சாப்டுட்டு அப்புறம் மத்தவங்களப் பாக்கட்டும்."

குனிவதை விட முடியாது, தக்காளி நிமிர்ந்து நிற்பவருக்காகக் காய்க்காது. சாப்பிட்டவுடன் குனிய வேண்டாம், இடுப்பை மடக்காமல் உட்கார்ந்து பறிக்கப் பாருங்கள், புடவைக் கொசுவத்தை வயிற்றில் இறுக்கிச் செருக வேண்டாம் என்று சொன்னேன். எடை 66 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர். இரண்டு மூன்று கிலோ இறங்கினால் நல்லது. எரிச்சலுக்குப் பால் குடிப்பார், குடித்ததும் குளுகுளுவென்று இருந்தாலும் பிறகு அமிலத்தைக் கூட்டும் என்றேன். தண்ணீரில் பொங்கும் ஈனோ மாதிரிப் பொடிகளில் சோடியம் உண்டு, பிரஷருக்கு அது ஆகாது.

கடைசியாகச் செங்கல். வீட்டில் இவருக்குக் கட்டில் ஏது, பாய்தானே. எந்தப் புத்தகமும் பாயின் தலைப்பக்கத்தைத் தூக்குவது எப்படி என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில், அது மாமனாருடையது. கயிறு தொய்ந்திருந்தால் நடுவில் குழியும், அதனால் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னோம். மாமனார் சம்மதிக்க இரண்டு நாள் ஆனதாக மருமகள் பிறகு போனில் சொன்னாள்.

எட்டு வாரம் மாத்திரை எழுதியிருந்தார்கள். ஜனவரிக் கடைசியில் ரிவ்யூவுக்கு வந்தார். எடை 64. ஹீமோகுளோபின் 10.9. களி தங்காமல் இறங்குகிறது. எரிச்சல் வாரத்தில் ஒரு நாள் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. தொண்டை ஆற எட்டு வாரம் போதாது. புகையிலை நாளைக்கு ஆறு தடவை என்பது இரண்டு என்று ஆகியிருக்கிறது, அதற்கு மேல் நான் கேட்டதற்குச் சிரித்துவிட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும், நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோவார்கள் என்பதால் டாக்டர் 20 மில்லிகிராமுக்கு இறக்கினார். மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்து நாளானால் பி12 குறையலாம், அதையும் சீட்டில் எழுதிக் கேட்டேன்.

நடுவில் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டவர்கள், திரும்ப உள்ளே போடும்போது செங்கல் வைக்கவில்லை. மாத்திரை அதே மாத்திரை, சாப்பாடு ஏழு மணிக்கே. ஆனாலும் இரண்டு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் தானே போய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கிடந்த செங்கல்லைத் தேடி எடுத்து, கழுவி, கட்டில் காலுக்குக் கொடுத்திருக்கிறார்.

"மஞ்ச குங்குமம் வெக்காததுதான் பாக்கி, கண்ணு" என்றார்.